பகிர்ந்தவுடன் அறுந்துபோகும் எக்செல் இணைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சிறு வணிக நிறுவனங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் கணக்குக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி நெருங்கும்போது, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் அவசரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: "நேற்று வரை சரியாக இருந்தது, டிரைவில் போட்டு அனுப்பினேன், இன்று எல்லாக் கட்டத்திலும் பிழை காட்டுகிறது." ஒரு எக்செல் கோப்பு இன்னொரு எக்செல் கோப்பிலிருந்து எண்களை எடுத்துக்கொள்ளும் இணைப்புகளைப் பற்றித்தான் இந்தப் பக்கம் பேசுகிறது. எண்களைத் தருவதை மூலக் கோப்பு என்றும், அவற்றைப் பெறுவதைத் தொகுப்புக் கோப்பு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

என் கணினியில் சரியாக வேலை செய்யும் கோப்பு, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்தில் பகிர்ந்ததும் மற்றவரிடம் ஏன் உடைகிறது?

தொகுப்புக் கோப்புக்குள் இருப்பது மூலக் கோப்பு அல்ல; அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. உங்கள் கணினியில் அந்த முகவரி, சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பயனர் பெயர், அதற்குள் ஒன்டிரைவ், அதற்குள் கணக்கு என்று நீளும். பாரிமுனை அலுவலகத்தில் உள்ளவரும் மாதவரம் கிடங்கில் உள்ளவரும் ஒரே கோப்புறையைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றாலும், அவரவர் கணினியில் பயனர் பெயர் வேறு என்பதால் முகவரியும் வேறாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக் கதவிலக்கத்தைக் கொண்டு அவர் தெருவில் தேடுவது போன்ற நிலை இது.

கூகுள் டிரைவில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கணினியில் நிறுவும் கூகுள் டிரைவ் செயலி வழக்கமாக ஜி என்ற எழுத்தில் தனி டிரைவாகத் தெரியும். ஆனால் ஒரே கணினியில் இரண்டு கணக்குகள் இருந்தால் இரண்டாவது கணக்குக்கு வேறு எழுத்து கிடைக்கும். மேலும், கோப்புறையின் உரிமையாளருக்கு அது "மை டிரைவ்" என்பதற்குள் இருக்கும். அதே கோப்புறையைக் குறுக்குவழியாகச் சேர்த்துக்கொண்டவரின் கணினியில் அதன் உண்மையான பாதை, மறைவாக உள்ள வேறொரு கோப்புறை வழியாகச் செல்லும். திரையில் இருவருக்கும் ஒரே பெயர்தான் தெரிகிறது. ஆகவே எங்கே பிசகியது என்று இருவருக்குமே விளங்குவதில்லை.

இதற்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூலக் கோப்பும் தொகுப்புக் கோப்பும் ஒரே கோப்புறையில் இருந்தால், எக்செல் முழு முகவரியை நம்பியிருக்காமல் "பக்கத்தில் இருக்கும் இந்தப் பெயருடைய கோப்பு" என்ற அளவில் இணைப்பைச் சேமித்துக்கொள்கிறது. மூலக் கோப்பு அதற்குள்ளேயே ஓர் உட்கோப்புறையில் இருந்தாலும் அப்படித்தான். அதனால் கோப்புறையை முழுதாக எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இணைப்பு கூடவே வரும். நான் எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் முதலில் செய்வது, சிதறிக் கிடக்கும் மூலக் கோப்புகளை எல்லாம் தொகுப்புக் கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் கொண்டுவந்து சேர்த்து, இணைப்புகளை ஒரே ஒருமுறை புதிதாகக் கொடுத்துச் சேமிப்பதுதான். பாதிச் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடுகிறது.

சூத்திரத்தில் சில நேரம் முழுப் பாதையும் தெரிகிறது, சில நேரம் கோப்பின் பெயர் மட்டும் தெரிகிறது. எது சரி?

இரண்டுமே சரி. மூலக் கோப்பும் திறந்திருக்கும்போது பெயர் மட்டும் தெரியும். அதை மூடினால் முழுப் பாதையும் தெரியும். இணைப்பு உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால், மூலக் கோப்பை மூடிவிட்டுச் சூத்திரத்தைப் பாருங்கள்.

உடைந்த இணைப்பைச் சரிசெய்யும் முறை என்ன?

தொகுப்புக் கோப்பைத் திறந்து, மேலே "டேட்டா" என்ற பட்டைக்குச் சென்று, "எடிட் லிங்க்ஸ்" என்பதை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் 365இன் புதிய பதிப்புகளில் அதன் பெயர் "ஒர்க்புக் லிங்க்ஸ்" என்று மாறியிருக்கிறது. இந்தக் கோப்பு எந்தெந்த மூலக் கோப்புகளை நம்பியிருக்கிறது என்ற பட்டியல் அங்கே வரும். உடைந்ததைத் தேர்ந்தெடுத்து "சேஞ்ச் சோர்ஸ்" கொடுத்து, மூலக் கோப்பு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினால், அந்தக் கோப்பை நம்பியிருக்கும் சூத்திரங்கள் நூறு இருந்தாலும் அத்தனையும் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

பலர் இதை விட்டுவிட்டு, "ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்" மூலம் பாதையின் பெயரை மாற்ற முயல்கிறார்கள். புதிய பாதையில் ஓர் எழுத்து பிசகினாலும், எக்செல் ஒவ்வொரு கட்டத்துக்கும் "கோப்பு எங்கே?" என்று ஒரு சாளரத்தைத் திறந்து கேட்கத் தொடங்கும். இருநூறு கட்டங்கள் இருந்தால் இருநூறு முறை கேட்கும். அந்த நிலையில் எஸ்கேப் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் போகாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு, மூலக் கோப்பில் ஏதாவது ஓர் எண்ணை மாற்றிச் சேமித்து, தொகுப்புக் கோப்பில் அது வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய எண்ணைத் திரும்ப வையுங்கள். பிழைச் செய்தி மறைந்துவிட்டது என்பதாலேயே இணைப்பு உயிர் பெற்றுவிட்டது என்று கொள்ளக் கூடாது.

எல்லா இணைப்புகளையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் கோப்பைத் திறக்கும்போது "சில இணைப்புகளைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று வருகிறதே?

கட்டங்களுக்குள் மட்டும்தான் இணைப்பு இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேறு சில உண்டு. முதலில் கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தி, தேடும் இடத்தை முழுக் கோப்பு என்று வைத்து, சூத்திரங்களுக்குள் [ என்ற சதுர அடைப்புக்குறியைத் தேடுங்கள். வெளிக்கோப்பின் பெயர் பெரும்பாலும் அந்தக் குறிக்குள்தான் இருக்கும் என்பதால், கட்டங்களில் மிச்சமிருப்பது அகப்பட்டுவிடும்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால், "ஃபார்முலாஸ்" பட்டையில் உள்ள "நேம் மேனேஜர்" பட்டியலைப் பாருங்கள். வேறு கோப்பிலிருந்து ஒரு தாளை நகலெடுத்துக் கொண்டுவரும்போது, அந்தக் கோப்பில் கட்டங்களுக்கு வைத்திருந்த பெயர்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் "பேய் இணைப்பு" என்று அலுவலகங்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். அடுத்து, கட்டத்தில் கீழிறங்கும் பட்டியல் வைத்திருக்கும் "டேட்டா வேலிடேஷன்", நிறம் மாற்றும் "கண்டிஷனல் ஃபார்மாட்டிங்", வரைபடங்களின் தரவுத் தொடர்கள், தரவைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையின் மூலத் தரவு, மேக்ரோ (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு) பொருத்திய பொத்தான்கள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மறைத்து வைத்த தாள்களையும் மறக்க வேண்டாம்.

"பிரேக் லிங்க்" கொடுத்துத் தொல்லையை முடித்துவிடலாமா?

அது இணைப்பைச் சரிசெய்வதில்லை. சூத்திரத்தை அழித்து, கடைசியாகத் தெரிந்த எண்ணை அங்கே வைத்துவிடுகிறது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. மாத முடிவில் தணிக்கையாளருக்கோ வங்கிக்கோ அனுப்பும் இறுதி அறிக்கைக்கு அதுதான் சரியான செயல். ஆனால் நகலில் செய்து அனுப்ப வேண்டும், வேலை நடக்கும் அசல் தொகுப்புக் கோப்பில் செய்யக் கூடாது.

பிழை எதுவும் வரவில்லை. ஆனால் தொகை தவறாக இருக்கிறது. இது எப்படி நடக்கும்?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பிழைச் செய்தி காட்டும் கட்டம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தவறான எண்ணை அமைதியாகக் காட்டும் கட்டம்தான் கையெழுத்து வரை போய்விடுகிறது.

வேளச்சேரியில் ஒரு குடியிருப்புச் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொருளாளர் தம் கோப்பில் லாரித் தண்ணீர்ச் செலவைத் தேதிவாரியாக எழுதி வந்தார். இரண்டாம் வரியிலிருந்து பதின்மூன்றாம் வரி வரை பன்னிரண்டு லாரிகள். பதினான்காம் வரியில் கூட்டுத்தொகை. செயலாளரின் தொகுப்புக் கோப்பு, அந்தப் பதினான்காம் வரியில் உள்ள கட்டத்தை இணைப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. மே மாதத்தில் விடுபட்டுப்போன ஒரு லாரியை நடுவில் ஒரு வரி நுழைத்துப் பொருளாளர் சேர்த்தார். அவர் கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்தது. கூட்டுத்தொகை பதினைந்தாம் வரிக்கு இறங்கியது, தொகையும் கூடியது. ஆனால் அந்த நேரத்தில் செயலாளரின் கோப்பு திறந்திருக்கவில்லை. அதனால் அது பழையபடி பதினான்காம் வரியையே எடுத்தது. இப்போது அங்கே இருந்தது கடைசியாக வந்த ஒரே ஒரு லாரியின் விலை. மாதம் முழுவதற்குமான தண்ணீர்ச் செலவு என்று அந்த விலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. "இந்தக் கோடையில் தண்ணீர்ச் செலவு இவ்வளவு குறைந்தது எப்படி?" என்று கூட்டத்தில் ஒரு மூதாட்டி கேட்ட பிறகுதான் எல்லோரும் அதைத் திரும்பப் பார்த்தார்கள். பொருளாளரின் நேர்மையைச் சந்தேகிக்கும் பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டது என்பதுதான் இதில் வருத்தமான பகுதி.

இரண்டு கோப்புகளும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், வரி நகரும்போது எக்செல் இணைப்பையும் கூடவே நகர்த்தும். பகிர்ந்துகொண்டு தனித்தனியே வேலை செய்யும்போது அது நடப்பதில்லை. இதைத் தடுக்கும் வழி, கட்டத்தின் முகவரிக்குப் பதிலாகப் பெயரைப் பயன்படுத்துவது. மூலக் கோப்பில் கூட்டுத்தொகைக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, சூத்திரப் பட்டைக்கு இடப்பக்கம் உள்ள சிறிய பெட்டியில், இடைவெளி இல்லாத ஒரு சிறு பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டு என்டர் கொடுங்கள். பிறகு தொகுப்புக் கோப்பின் சூத்திரத்தில், ஆச்சரியக்குறிக்குப் பின்னால் உள்ள கட்ட முகவரியை அழித்துவிட்டு அந்தப் பெயரை எழுதுங்கள். இனி மூலக் கோப்பில் எத்தனை வரிகள் நுழைந்தாலும் பெயர் கூட்டுத்தொகையோடுதான் போகும்.

பெயர் வைக்க நேரமில்லாத இடங்களில் நான் கடைப்பிடிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. எண்ணை மட்டும் இணைக்காமல், அதற்கு இடப்பக்கம் உள்ள தலைப்புக் கட்டத்தையும் இணைத்துக் கொண்டுவந்துவிடுவேன். "மொத்தம்" என்று வர வேண்டிய இடத்தில் "28 மே, லாரி" என்று வந்தால், எண்ணைப் பார்க்காமலேயே வரி நகர்ந்துவிட்டது தெரிந்துவிடும்.

ஏப்ரல் மாதம் புதிய நிதியாண்டுக் கோப்புறை தொடங்கினேன். புதிய கோப்பு பழைய ஆண்டின் எண்களையே காட்டுகிறது. ஏன்?

நீங்கள் கோப்பை எப்படி நகலெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய ஆண்டின் தொகுப்புக் கோப்பை எக்செல்லில் திறந்து, "சேவ் ஆஸ்" கொடுத்துப் புதிய கோப்புறையில் சேமித்திருந்தால், எக்செல் உங்களுக்கு உதவுவதாக எண்ணி, பழைய மூலக் கோப்புகளின் முகவரியைப் பத்திரமாகக் கூடவே எடுத்துச் சென்றிருக்கும். கோப்பு புதிய கோப்புறையில் இருக்கிறது, எண்கள் பழைய கோப்புறையிலிருந்து வருகின்றன. பிழையும் வராது, ஏனென்றால் பழைய கோப்புகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு மாறாக, எதையும் திறக்காமல், மூலக் கோப்புகளும் தொகுப்புக் கோப்பும் இருக்கும் கோப்புறையையே முழுதாக நகலெடுத்து, அதற்குப் புதிய ஆண்டின் பெயரை வைத்தால், பக்கத்துக் கோப்பைத் தேடும் இணைப்புகள் புதிய கோப்புறைக்குள்ளேயே தேடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஆண்டு கோப்புறையின் பெயரில் இருந்தால் போதும்; "விற்பனை" என்பது ஒவ்வோர் ஆண்டும் "விற்பனை" என்றே இருக்கட்டும். கோப்பின் பெயரை மாற்றினால் இணைப்பு மீண்டும் அறும்.

தொடக்க இருப்பு மட்டும் சென்ற ஆண்டின் கோப்பிலிருந்து வர வேண்டியது. அதை இணைப்பாக விட்டு வைக்காமல், தணிக்கை முடிந்த பிறகு எண்ணாகவே எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கையெழுத்திட்டு முடித்த ஆண்டின் எண், யாரோ ஒருவர் பழைய கோப்பைத் திறந்து தொட்டதால் மாறக் கூடாது.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பை அனுப்பினால் என்ன கேடு?

தொகுப்புக் கோப்பு மட்டும் போகிறது. மூலக் கோப்புகள் போவதில்லை. பெறுபவர் பார்ப்பது, நீங்கள் கடைசியாகச் சேமித்தபோது இருந்த எண்கள். அதே கோப்பை அவர் இரண்டாம் முறை இறக்கினால் பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்ந்துவிடும். அந்தப் பெயரில் எந்த இணைப்பும் அதைத் தேடாது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்பதால் எக்செல் அதைப் பாதுகாப்புப் பார்வையில் திறக்கும். மஞ்சள் பட்டையில் உள்ள "எனேபிள் எடிட்டிங்" பொத்தானை அழுத்தும் வரை இணைப்பு எதுவும் புதுப்பிக்கப்படாது.

எல்லாவற்றையும் ஜிப் செய்து அனுப்புவது இதைவிட நல்லது. ஆனால் பெறுபவர் ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளேயே கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் எடுத்து வைத்துத் திறக்கும். பக்கத்தில் மூலக் கோப்பு இருக்காது. "முதலில் முழுவதையும் பிரித்து ஒரு கோப்புறையில் வையுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்தே அனுப்புங்கள்.

மூலக் கோப்பைத் திறந்தால் எண் சரியாக வருகிறது. மூடினால் "வேல்யூ" பிழை வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் அல்லது எண்ணும் சம்இஃப், சம்இஃப்ஸ், கவுன்ட்இஃப், கவுன்ட்இஃப்ஸ் ஆகிய சார்புகள் மூடியிருக்கும் கோப்பிலிருந்து கணக்கிட முடியாதவை. எழுத்தாகத் தரும் முகவரியைக் கொண்டு எண்ணை எடுக்கும் இன்டைரக்ட் சார்பும் அப்படியே. அது "ரெஃப்" (சுட்டிய இடம் கிடைக்கவில்லை) என்ற பிழை காட்டும். அட்டவணையில் தேடி எடுக்கும் விலுக்அப், இன்டெக்ஸ், மேட்ச் ஆகியவையும், பெருக்கிக் கூட்டும் சம்புராடக்டும் மூடிய கோப்பிலும் வேலை செய்யும். சம்இஃப் செய்யும் பெரும்பாலான வேலைகளைச் சம்புராடக்ட் கொண்டு எழுதிவிடலாம். அதைவிடத் தெளிவான வழி, சம்இஃப் கணக்கை மூலக் கோப்புக்குள்ளேயே ஒரு தாளில் செய்து முடித்து, விடையை மட்டும் இணைப்பாக எடுப்பது.

அலுவலகப் பிணையத்தில் இசட் டிரைவ் என்று இருந்ததை மேகச் சேமிப்பகத்துக்கு (ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்துக்கு) மாற்றினோம். பழைய இணைப்புகள் என்னவாகும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த கணினிகளை இழந்த பிறகு, கோப்புகளை மேகச் சேமிப்பகத்துக்கு மாற்றிய அலுவலகங்கள் இந்த நகரத்தில் பல உண்டு. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில், காப்புப் பிரதியிலிருந்து கோப்புகள் அத்தனையும் முழுதாகக் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றின் இணைப்புகள், நீரில் மூழ்கி வீசப்பட்டுவிட்ட சர்வரின் முகவரியையே தேடிக்கொண்டிருந்தன. கடைசியாகச் சேமித்த எண்கள் கட்டங்களில் தெரிந்ததால், சில வாரங்களுக்கு அதை யாரும் உணரவில்லை.

மூலக் கோப்பை எந்த வழியில் திறந்து இணைத்தோமோ, அந்த வழியையே எக்செல் நினைவில் வைத்துக்கொள்ளும். இசட் டிரைவ் வழியாகத் திறந்திருந்தால் இசட், சர்வரின் பெயர் வழியாகத் திறந்திருந்தால் சர்வரின் பெயர். இடம் மாற்றும் நாளிலேயே எல்லாத் தொகுப்புக் கோப்புகளையும் திறந்து "எடிட் லிங்க்ஸ்" பட்டியலை ஒருமுறை பார்த்து, பழைய முகவரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் "சேஞ்ச் சோர்ஸ்" கொடுத்துவிட வேண்டும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை அது. தள்ளிப்போட்டால் எந்த எண் எந்த நாளுக்குரியது என்று தேடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இடம் மாற்றிய பிறகு இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்பின் பக்கத்தில் மேகம் போன்ற சின்னம் இருந்தால், அது உங்கள் கணினிக்கு இன்னும் இறங்கவில்லை என்று பொருள். இணையம் இல்லாதபோது அந்தக் கோப்பிலிருந்து எதுவும் வராது. மூலக் கோப்புகள் உள்ள கோப்புறையை வலச்சொடுக்கிட்டு, எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திருக்கும்படி தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸுக்கே மாறிவிட்டால் இந்தச் சிக்கல்கள் தீருமா?

முகவரிச் சிக்கல் பெருமளவு தீரும். கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் நீண்ட அடையாளக் குறி ஒன்று இருக்கிறது. கோப்பின் பெயரை மாற்றினாலும், வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் அது மாறுவதில்லை. இம்போர்ட்ரேஞ்ச் என்ற சார்பு அந்தக் குறியைக் கொண்டே தேடுகிறது. முதல்முறை பயன்படுத்தும்போது "ரெஃப்" பிழை காட்டும். பயப்பட வேண்டாம்; கட்டத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அனுமதி தரும் பொத்தான் தெரியும், அதை ஒருமுறை அழுத்தினால் போதும்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். டிரைவில் ஏற்றிய எக்செல் கோப்புகளுக்குள் இருக்கும் பழைய பாதைகள் அங்கே வேலை செய்யா. இணைப்புகளைப் புதிதாக எழுத வேண்டும். இம்போர்ட்ரேஞ்சுக்கு மூலமாக இருப்பது கூகுள் ஷீட்ஸ் வடிவத்துக்கு மாற்றப்பட்ட கோப்பாக இருக்க வேண்டும். எக்செல் வடிவத்திலேயே ஏற்றி வைத்ததிலிருந்து அது எடுக்காது. வரி நகர்ந்தால் தவறான எண் வரும் ஆபத்து இங்கும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் எந்தக் கட்டங்கள் என்பதை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகவே தருகிறோம். ஆகவே இங்கும் பெயரிட்ட பகுதிகளைப் பயன்படுத்துங்கள். புதிய ஆண்டுக்கு நகலெடுத்தால் நகலுக்குப் புதிய அடையாளக் குறி வரும் என்பதையும், சூத்திரத்தில் அதை நாமே மாற்ற வேண்டும் என்பதையும் ஏப்ரலில் நினைவில் வையுங்கள்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்; "புக் 1", "நியூ 2" என்று இருப்பதைவிடக் "கணக்கு" என்று இருப்பது எல்லோருக்கும் விளங்கும். ஒன்றை மட்டும் அறிந்திருங்கள். தமிழ்ப் பெயர் இணைய முகவரிக்குள் வரும்போது, யூனிகோடின் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையின்) ஒவ்வொரு குறியும் ஒன்பது குறிகளாக விரியும். "கணக்கு" என்பதில் புள்ளியையும் உகரக் குறியையும் சேர்த்து ஆறு குறிகள். முகவரியில் அது ஐம்பத்து நான்கு குறிகளாகிவிடும். அத்தகைய நீண்ட முகவரியைச் செய்தியில் கையால் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும்போது பாதியில் அறுந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள். முகவரியை நகலெடுக்க அதற்குரிய பொத்தானையே பயன்படுத்துங்கள். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போவதையும் தவிருங்கள். பாதையும் பெயரும் சேர்ந்து 218 குறிகளைத் தாண்டினால் எக்செல் அந்தக் கோப்பைத் திறக்காது.

சம்பளக் கோப்பை நான் யாருக்கும் பகிரவில்லை. தொகுப்புக் கோப்பை மட்டும் பகிர்ந்தால் பாதுகாப்பானதுதானே?

அல்ல. மூலக் கோப்பு எட்டாத இடத்தில் இருந்தாலும் எண்களைக் காட்ட வேண்டும் என்பதற்காக, எக்செல் அங்கிருந்து எடுத்த மதிப்புகளைத் தொகுப்புக் கோப்புக்குள்ளேயே சேமித்து வைக்கிறது. விலுக்அப் மூலம் ஒருவருடைய சம்பளத்தை மட்டும் எடுத்திருந்தாலும், நீங்கள் சுட்டிய அட்டவணைப் பகுதி முழுவதும் அவ்வாறு உள்ளே போயிருக்கக்கூடும். தேடத் தெரிந்தவர் அதை எடுத்துவிடுவார். "ஃபைல்", "ஆப்ஷன்ஸ்", "அட்வான்ஸ்டு" என்று சென்று, "சேவ் எக்ஸ்டர்னல் லிங்க் வேல்யூஸ்" என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். சம்பளம் போன்றவற்றில், மதிப்புகளை மட்டும் ஒட்டிய தனிக் கோப்பைப் பகிர்வதே சரி.

கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டுச் சென்றதும் எல்லா இணைப்புகளும் நின்றுவிட்டன. என்ன செய்வது?

மூலக் கோப்புகள் அவருடைய சொந்தக் கணக்கின் டிரைவில் இருந்திருக்கும். அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்றால், கோப்புகளின் உரிமையை நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றித் தருமாறு மரியாதையாகக் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்தின் ஒன்டிரைவ் கணக்காக இருந்து அது நீக்கப்பட்டிருந்தால், நிர்வாகி வேறு ஏற்பாடு செய்யாதவரை கோப்புகள் வழக்கமாக 30 நாள்களுக்கு மீட்கத்தக்கவையாக இருக்கும். உடனே நிர்வாகியை அணுகுங்கள். மூலக் கோப்புகளை ஒரு தனிமனிதரின் டிரைவில் வைக்காமல், நிறுவனத்துக்குச் சொந்தமான பகிர்வு டிரைவில் வைத்திருந்தால் இந்த நிலை வராது. கூகுளின் கட்டணத் திட்டங்கள் சிலவற்றில் கிடைக்கும் பகிர்வு டிரைவில் இன்னொரு நன்மையும் உண்டு: டிரைவின் எழுத்து ஒன்றாக இருந்தால், எல்லோர் கணினியிலும் பாதையும் ஒன்றாகவே இருக்கும்.

சூத்திரத்துக்குள்ளேயே "ரெஃப்" என்று எழுதப்பட்டுவிட்டது. பழைய முகவரியே தெரியவில்லை. மீட்க முடியுமா?

மூலக் கோப்பில் தாளையோ வரியையோ யாராவது நீக்கியபோது தொகுப்புக் கோப்பும் திறந்திருந்தால் இப்படி நடக்கும். அந்த நிலையில் "சேஞ்ச் சோர்ஸ்" உதவாது. முதலில் எல்லோரும் அந்தக் கோப்பில் வேலை செய்வதை நிறுத்துங்கள். பிறகு சேமிப்பகத்தின் இணையப் பக்கத்துக்குச் சென்று, கோப்பை வலச்சொடுக்கிட்டுப் பழைய பதிப்புகளின் பட்டியலைத் திறங்கள். கூகுள் டிரைவில் ஏற்றிய எக்செல் கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாள்கள் அல்லது 100 பதிப்புகள் வரை மட்டுமே இருக்கும். எனவே தாமதிக்க வேண்டாம். பழைய பதிப்பை நேரடியாக மீட்டமைக்காமல், வேறு பெயரில் இறக்கித் திறந்து, அதிலுள்ள சூத்திரத்தைப் பார்த்து, இப்போதைய கோப்பில் உடைந்த கட்டங்களில் மட்டும் அதை மீண்டும் எழுதுங்கள். இடைப்பட்ட நாள்களில் மற்றவர்கள் செய்த பதிவுகள் அப்போதுதான் தப்பும்.